இரண்டு காது விதி

நவம்பர் 10, ஞாயிறு

இன்றைக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை. சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்த ஆரஞ்சு. "மங்கலான நிறத்தில் உடுத்தி வரவும், சென்ட் வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை போட்டிருந்தேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். விடிகாலையில் வேளச்சேரி ரயில் நிலைய வாசலில் வேனில் ஏறும்போது பார்த்தால், அந்த ஆள் கல்யாண வீட்டு வாசலில் நிற்க வேண்டிய மணத்தோடும் ஆரஞ்சுச் சட்டையோடும் சிரிக்கிறார். பெயர் ரங்கபாஷ்யமாம். பறவைகளுக்கு உங்கள் பெயர் தெரியாது ஐயா, சட்டைதான் தெரியும் என்றேன். அதற்கும் சிரித்தார்.

நாணல்பாக்கம் ஏரி நன்றாக நிரம்பியிருந்தது. கரைக்கு நேர் எதிரே, அத்தனை தூரத்தில், சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்ததை முதலில் பார்த்தது நான்தான். எபிகூட நான் கை காட்டிய பிறகுதான் பார்த்தான். எபி என்கிற எபினேசர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். நாலு சீசனாக ஞாயிறுதோறும் நகரத்து ஜனங்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரையில் நடப்பது நாங்கள் இருவரும்தான்.

புல்வெளித் திருப்பத்தில் எபி சட்டென்று நின்று விரலைத் தூக்கினான். "கேக்குதா? விசிறிவால் கதிர்க்குருவி. பறந்துக்கிட்டே கத்துது பாருங்க." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் காற்றும், ரங்கபாஷ்யம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தமும்தான். தலையை ஆட்டுவதற்குக் காசா பணமா, ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

நடை முடிந்து டீக்கடையில் அன்றைய பறவைப் பட்டியலை எபி வாசிப்பான். கண்ணால் பார்த்தது பேச்சில்லாமல் சேரும். காதால் மட்டும் கேட்டது என்றால் எபி, நான் இருவருமே கேட்டிருக்க வேண்டும். இருவரும் கை தூக்கினால்தான் அது இருக்கும். இல்லாவிட்டால் அடித்துவிட வேண்டும். இரண்டு காது விதி என்று அதற்குப் பெயர். கொண்டுவந்தவள் நான். முதல் வருஷம் அணில் கத்தியதை மீன்கொத்தி என்று எழுதிவைத்த புண்ணியவான்கள் எல்லாம் வந்தார்கள், அதனால்.

"விசிறிவால் கதிர்க்குருவி, கேட்டது" என்று எபி கை தூக்கினான். நான் தூக்கவில்லை. "அடி" என்றேன். அடித்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நிஜமாகக் கேட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பான்.

நவம்பர் 13, புதன்

கூரியர்காரனோடு பெரிய சண்டை. மூன்று தடவை பெல் அடித்தானாம், யாரும் திறக்கவில்லையாம், பார்சலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஏரிக்குப் போட்டுக்கொள்ள நான் வரவழைத்த ரப்பர் பூட்ஸ் அது. நான் காலையிலிருந்து கூடத்தை விட்டு நகரவே இல்லை. போனில் அவனைப் பிடித்து, பொய் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

உண்மையில் குற்றவாளி அந்த பெல்தான். பழைய டிங்டாங்கைக் கழற்றிவிட்டு தீபாவளிக்கு இவர் வாங்கி மாட்டினார். குருவி கத்துகிற மாதிரி பெல். பெண்டாட்டி பறவை பார்க்கிறவளாம், பெல்லும் பறவையாக இருக்க வேண்டுமாம். மாட்டிய நாளிலிருந்து அது அடித்து நான் கேட்டதில்லை. மட்டமான சரக்கு, கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். இந்த மனுஷன் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார். புதுப் பல்செட் காரணமாக இருக்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. போகவில்லை. நாள் பூராவும் எரிச்சல்.

நவம்பர் 24, ஞாயிறு

எபிக்கு இது வியாதியாகவே ஆகிவிட்டது. மதகுக்குப் பக்கத்தில் போனதும் விரலைத் தூக்குகிறான். "சிரால். இந்தப் பக்கம்தான் வருது." சிரால் மீன்கொத்தி என்றால் நீலத்தில் மின்னுகிற குட்டிப் பறவை, அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். சொல்லி வாயை மூடவில்லை, சிரால் நிஜமாகவே தண்ணீரை உரசிக்கொண்டு எங்களைத் தாண்டிப் பறந்தது. எல்லோரும் அவனை மந்திரவாதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். குருட்டு அதிர்ஷ்டம். அந்த மதகில் சிரால் எப்போதும் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். நானும் விரலைத் தூக்கலாம்.

அதன் பிறகு இன்னும் இரண்டு பறவைகளைக் "கேட்டான்". இரண்டையும் அடிக்கச் சொன்னேன்.

அவன் மோசமானவன் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி எபிதான் இருந்தான். அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாகிறது. வருகிறவர்களை மயக்குவதற்காக இல்லாத பறவையைக் கூப்பிட அவனுக்கு எப்படி மனசு வருகிறது? ஊரில் ஆயிரம் பேர் படம் காட்டிப் பிழைக்கிறார்கள். எங்கள் நடையில் பொய் இல்லை என்பது ஒன்றுதானே எங்களுக்குப் பெருமை?

நவம்பர் 28, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து நிவேதா பேசினாள். "அம்மா, ஏன் கத்தறே? நான் பக்கத்துலதான் இருக்கற மாதிரி பேசு." பெற்ற பெண்ணுக்கு அம்மா பேசினால் கத்துகிற மாதிரி இருக்கிறது. அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, சிக்னல் அப்படி. வாஷிங் மெஷினும் கெட்டுவிட்டது, துவைத்து முடித்தால் கூப்பிடுவதே இல்லை. துணி ஊறி நாறிய பிறகு இவர்தான் வந்து சொல்கிறார்.

எக்ஸ்சேஞ்சில் ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே திருநெல்வேலியா தஞ்சாவூரா என்று சொல்லிவிடுவேன். சூப்பர்வைசரே வந்து பந்தயம் கட்டுவார். அந்தக் காதிடம் எபி கதை விடுகிறான்.

இப்படியே விடக்கூடாது. அடுத்த தடவை அவன் விரலைத் தூக்கும்போது போனில் பதிவு செய்துவிடப் போகிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

மதகுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனில் பதிவைப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டேன். வழக்கம்போல நின்றான், விரலைத் தூக்கினான், "கேக்குதா? சிரால்" என்றான். இன்று சிரால் எதுவும் பறந்து வந்து அவன் மானத்தைக் காப்பாற்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கோயிலுக்குக் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்தேன். கதவைச் சாத்தி, சத்தத்தை முழுக்க வைத்துக் கேட்டேன். காற்று. என் பழைய பூட்ஸ் மண்ணில் சதக் சதக் என்று மிதிக்கிற சத்தம். தூரத்தில் பஸ் ஹாரன். கட்டைக் குரலில் நாமக்கோழி ஒன்று. அப்புறம் எபியின் குரல், "கேக்குதா?" அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு குருவியும் இல்லை, ஒரு மீன்கொத்தியும் இல்லை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தட்டில் போட்ட சோற்றைக்கூட முழுக்கச் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு எல்லோர் எதிரிலும் போட்டுக் காட்டத்தான் போகிறேன். அத்தோடு எபிக்கும் எனக்கும் முடிந்தது. நான் தனியாகவே நடத்திக்கொள்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால்தான் ஆறும்.

டீக்கடை. எபி வாசிக்க ஆரம்பிக்கும் முன்னால் நான் எழுந்து நின்றேன். "எல்லாரும் ஒரு நிமிஷம். எங்க நடையில பொய்க்கு இடம் கிடையாது. எபினேசர் சார் கேட்டதாச் சொல்ற பறவை எதுவும் கத்தறதே இல்ல. இதோ, போன வாரம் பதிவு பண்ணினது. நீங்களே கேளுங்க." பெஞ்சின் மேல் போனை வைத்துப் போட்டேன். எபி தலையைக் குனிந்துகொண்டான். ஒத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

முடிந்ததும் "என்ன கேட்டுது?" என்றேன்.  மிருதுளா என்று ஒரு பெண், பாங்க் ஆபீசர், இந்த சீசனில் விடாமல் வருகிறவள். அவள்தான் மெதுவாக ஏதோ சொன்னாள். "சத்தமாச் சொல்லும்மா" என்றேன்.

"கீச்சுன்னு ரெண்டு வாட்டி கத்துதே மேடம். எபி சார் பேசறதுக்கு முன்னாடியே கத்துது."

"எனக்கே கேக்குது மேடம்" என்றார் ரங்கபாஷ்யம். இன்றைக்கு அவர் சேற்று நிறத்தில் சட்டை போட்டு வந்திருந்தார். எனக்காகத்தான் புதிதாக வாங்கினாராம், காலையில் சொன்னார்.

மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை போனைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தேன். எபியின் குரல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரே இடத்தில், எல்லாத் தலைகளும் சேர்ந்தாற்போல அசைந்தன. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் தலையும் அசைந்தது.

எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். டீக்கடைக்காரரையும் சேர்த்துத்தான். வேனில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன், எபி கடைசி சீட்டில். 

டிசம்பர் 16, திங்கள்

மத்தியானம் இவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல்லை அமுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. விரலை எடுப்பதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார். அவர் எதிரிலேயே இன்னொரு தடவை அமுக்கினேன், அழுத்தி.

"உள்ளே வாடி முதல்ல, காது கிழியுது" என்றார்.

பெல் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

டிசம்பர் 20, வெள்ளி

காது டாக்டர். கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். முப்பது வருஷம் மாட்டிய சாமான்தான், எனக்கே சொல்லிக்கொடுத்தாள் சோதனை செய்கிற பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டுமாம். முதலில் சரியாகப் போயிற்று. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. இவ்வளவு நேரம் வராமல் இருக்குமா என்று நானாகவே குத்துமதிப்பாக அமுக்கினேன். அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மேடம், நான் இன்னும் சத்தமே குடுக்கல."

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. கேட்காததைக் கேட்டதாகச் சொன்னது யார்?

பேச்சுச் சத்தம் ஓரளவு இருக்கிறதாம். கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள்தான் போய்விட்டனவாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியாதாம். மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும், குருவிச் சத்தத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர், "நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

"எப்ப சொன்னீங்க?"

"சொன்னேன். உனக்குக் கேக்கல."

 இந்தக் காதைப் பிடித்துத் திருகி எறியலாம் போல இருக்கிறது.

டிசம்பர் 29, ஞாயிறு

இரண்டு ஞாயிறாகப் போகவில்லை. எபி தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறான். "வாங்கக்கா" என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான்.

படுத்தாலும் எழுந்தாலும் ஒன்றுதான் மண்டையில் ஓடுகிறது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்று நடந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே, நான் அடி என்றபோதெல்லாம் அடித்திருக்கிறான். என்மேல் பரிதாபம். அவன் பொய்யனாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பரிதாபப்பட யார் இவன்?

ஜனவரி 5, ஞாயிறு

போனேன். இந்த ஏரி யாருக்கும் எழுதிக் கொடுத்த சொத்தில்லை.

மதகுக்குப் பக்கத்தில் எபிக்கு முன்னால் நான் நின்றேன். நான் விரலைத் தூக்கினேன். "கேக்குதா? சிரால்." அங்கே சிரால் இல்லாத காலையே கிடையாது, எப்படியும் கத்தியிருக்கும் என்று ஒரு தைரியம். ஒரு தலையும் ஆடவில்லை. மிருதுளா தரையைப் பார்த்தாள். எபி என்னைப் பார்த்தான்.

டீக்கடையில் நானே ஆரம்பித்தேன். "சிரால், கேட்டது." கையைத் தூக்கினேன். யாரும் அசையவில்லை. அப்புறம் எபி கையைத் தூக்கினான்.

"நானும் கேட்டேன்" என்றான்.

எனக்குள் என்னவோ வெடித்துவிட்டது. இந்த சீசன் முழுக்க ஒரு பொய்யனைத் தேடினேனே, இதோ எதிரில் கை தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"கையைக் கீழ போடு! நான் கேக்கல. நீயும் கேக்கல. எதுக்குத் தூக்கறே? எனக்குப் பிச்சை போடறியா?"

எபி டீ கிளாஸை பெஞ்சில் அடித்து வைத்தான். பாதி டீ என் பூட்ஸில் கொட்டியது. நாலு வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன். நன்றாகவே கேட்டது.

"போதும்க்கா! அடி அடின்னீங்க, அடிச்சேன். உங்களுக்குக் கேக்கலன்னு போன சீசன்லயே தெரியும். சொன்னா வர்றதையே நிறுத்திடுவீங்கன்னு பயம். தைரியம் இல்லாம இருந்துட்டேன், அது என் தப்பு. ஆனா பத்து பேர் முன்னாடி என்னைப் பொய்யன்னு சொன்னீங்க. இன்னிக்குத்தான் நான் பொய் சொன்னேன், அதுவும் உங்களுக்காக. அதுக்கும் திட்டறீங்க. அப்ப என் பறவையெல்லாம் திருப்பிக் குடுங்க! நான் கேட்டது அத்தனையும் திருப்பிக் குடுங்க!"

ரோட்டில் போன ஆள் வண்டியை நிறுத்திப் பார்த்தான். எபியின் கண் கலங்கியிருந்தது. 

நிஜமாகக் கேட்டவன் சண்டை போடுவான் என்று நவம்பரில் நானேதான் எழுதியிருக்கிறேன். போட்டுவிட்டான்.

"சிராலை அடி" என்று மட்டும் சொன்னேன். அடித்தான்.

ஜனவரி 8, புதன்

எபிக்குப் போன் செய்தேன். "உன்னைப் பொய்யன்னு சொன்னது தப்பு" என்றேன். "என்னக்கா? கேக்கல" என்றான். இரண்டாவது தடவை சொல்லவைத்தான். கொழுப்பு.

ஜனவரி 12, ஞாயிறு

வேன் கிளம்பும் முன் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எனக்குக் கீச்சுச் சத்தம் கேட்காது. எபி சார் கேட்டதாகச் சொன்ன பறவைகள் எல்லாம் கத்தியவைதான். நான்தான் தப்பாக அடித்தேன். இனிமேல் இரண்டாவது காது மிருதுளா. புதிதாக வந்த ஒரு அம்மாள் 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொண்டாள். "காதுதான் போச்சு, கண்ணு இருக்கு. உங்க துப்பட்டா சிவப்பா இருக்கறது நல்லாத் தெரியுது, உள்ள மடிச்சு வைங்க" என்றேன். ரங்கபாஷ்யம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எரிச்சல் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புல்வெளித் திருப்பம் வந்ததும் எபி நின்று விரலைத் தூக்கினான். மிருதுளா தலையை ஆட்டினாள். எல்லோரும் ஆட்டினார்கள். எனக்குக் காற்று மட்டும்தான். அந்தக் காற்றின்மேல், புல்லின்மேல், எபியின் விரலின்மேல், எல்லாவற்றின்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அழுதுவிடுவேனோ என்று பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

புல்லுக்கு மேலே குட்டியாக ஒன்று எழும்பியும் தாழ்ந்தும் பறந்தது. விடாமல் தொடர்ந்தேன். ஒரு நாணல் நுனியில் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் அளவுதான் உடம்பு. தொண்டை துடிக்க, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"விசிறிவால் கதிர்க்குருவி" என்றேன். "அந்த ஒத்தை நாணல் மேல. கத்துது."

எபி திரும்பிப் பார்த்தான். அவன் இன்னும் பறவையைக் கண்டுபிடிக்கவில்லை. "கேட்டதாக்கா, பார்த்ததா?"

"பார்த்தது. எழுதிக்கோ."

பைனாகுலரை இறக்கவில்லை. அதுவும் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல், வாயைத் திறந்து திறந்து மூடியது. திட்டுகிற மாதிரிதான் இருந்தது. திட்டட்டும். இந்த சீசனில் முதலில் அடித்தது அதைத்தான்.